பெயர் மட்டும் மிஞ்சினால் போதுமா?



இன்றைய பேச்சு ஒரு மலையைப் பற்றியது. ஆனால் அதைத் தொடங்க மலையேற வேண்டியதில்லை. இந்த வட்டாரத்தின் பெயரிலிருந்தே தொடங்கலாம். செம்பவாங் என்பது ஒரு மரத்தின் பெயர். மலாய்க்காரர்கள் அந்த மரத்தை அப்படி அழைத்தார்கள். மரத்தின் பெயர் ஊருக்கு வந்தது. ஊரின் பெயர் சாலைக்கும், கப்பல் பட்டறைக்கும், எம்ஆர்டி நிலையத்துக்கும் வந்தது. தமிழ்நாட்டுக் கடற்கரையில் நிற்கும் புன்னை மரத்துக்கு அது உறவு. இரண்டும் ஒரே தாவரக் குடும்பம்.

ரயிலில் "செம்பவாங்" என்ற அறிவிப்பைக் கேட்டு நாள்தோறும் ஆயிரக்கணக்கானோர் இறங்குகிறார்கள். அவர்களில் எத்தனை பேருக்கு அந்த மரத்தின் இலை எப்படி இருக்கும் என்று தெரியும்? பெயர் எல்லோருக்கும் தெரியும், மரம் சிலருக்குத்தான் தெரியும். நல்லவேளையாக, செம்பவாங் மரத்தைத் தாவரவியலாளர்கள் முறையாகப் பதிவு செய்து வைத்திருக்கிறார்கள். அதனால் பெயருக்குரிய மரம் இதுதான் என்று இன்றும் சுட்டிக்காட்ட முடிகிறது.

அந்தப் பதிவு இல்லாமல் போயிருந்தால்? இன்றைய பேச்சின் கேள்வி அதுதான். ஒரு மலையில் என்னென்ன செடிகொடிகள் இருக்கின்றன என்று தொகுத்து வைப்பது யாருக்கு, எதற்குத் தேவை?

கபிலரின் 99 பூக்கள்

தமிழர்களுக்கு இந்த வேலை புதிதல்ல என்று பெருமையாகச் சொல்லலாம். கபிலர் குறிஞ்சிப்பாட்டில் 99 பூக்களின் பெயர்களை அடுக்கியிருக்கிறார். மேடைதோறும் சொல்லப்படும் செய்தி இது. ஆனால் மேடைகளில் அதிகம் சொல்லப்படாத இன்னொரு செய்தியும் உண்டு. அந்தப் பெயர்களில் பலவற்றுக்கு உரிய செடி எது என்பதில் அறிஞர்களிடையே இன்றுவரை ஒருமித்த கருத்து இல்லை. உரையாசிரியர் ஒன்று சொல்கிறார், அகராதி வேறொன்று சொல்கிறது, தாவரவியலாளர் மூன்றாவது ஒன்றைக் காட்டுகிறார்.

இது கபிலரின் குறையல்ல. அவர் பாட்டு எழுதினார், பதிவேடு எழுதவில்லை. நாம் தெரிந்துகொள்ள வேண்டியது ஒன்றுதான். பெயரை மட்டும் எழுதி வைத்தால் போதாது. அந்தப் பெயருக்குரிய செடி இதுதான் என்று பின்னால் வருபவர் சரிபார்க்க ஒரு சான்று வேண்டும். எந்த மலை, எந்தச் சரிவு, எந்த மாதம், யார் பார்த்தார் என்ற விவரம் வேண்டும். அந்தச் சான்று இல்லாத பட்டியலை நம்பலாம், ஆனால் சோதித்துப் பார்க்க முடியாது.

பழனி மலையை எழுதியவர்கள்

இதற்குச் சரியான எடுத்துக்காட்டு, நம்மில் பலர் விடுமுறைக்குப் போய்வரும் கொடைக்கானல். அந்த ஊர் அமைந்திருக்கும் மலைத்தொடருக்குப் பழனி மலை என்று பெயர். மேற்குத் தொடர்ச்சி மலையிலிருந்து கிழக்கு நோக்கிக் கிளைத்து வரும் தொடர் அது. பரப்பு ஏறத்தாழ 2,000 சதுர கிலோமீட்டர். சிங்கப்பூரைப் போல் இரண்டரை மடங்குக்கும் மேல். உச்சிப் பகுதிகள் 2,500 மீட்டரைத் தொடுகின்றன. நமது புக்கிட் தீமா மலை 163 மீட்டர்தான் என்பதை நினைத்துப் பார்த்தால் அந்த உயரம் புரியும்.

இந்த மலையின் செடிகளைத் தேடி 1836-ஆம் ஆண்டிலேயே ஒருவர் ஏறினார். ராபர்ட் வைட் என்ற ஸ்காட்லாந்து மருத்துவர். கிழக்கிந்தியக் கம்பெனியில் அறுவை மருத்துவராக வேலை, மனம் முழுக்கச் செடிகளில். அவர் சேகரித்த செடிகளை ரங்கையா, கோவிந்து என்ற இரண்டு இந்திய ஓவியர்கள் வரைந்தார்கள். அந்தச் செடிகள் எடின்பரோவிலும், லண்டனை அடுத்த கியூ தாவரவியல் தோட்டத்திலும் இன்றும் பாதுகாப்பாக உள்ளன.

அடுத்து வந்தவர் பி.எஃப். ஃபைசன். சென்னை மாநிலக் கல்லூரியில் தாவரவியல் பேராசிரியராக இருந்தவர். நீலகிரி, பழனி மலை உச்சிகளின் தாவரங்களைப் பற்றி 1915 முதல் மூன்று தொகுதிகள் வெளியிட்டார். கொடைக்கானலில் ஆல்ஃபிரட் போர்ன் என்ற அதிகாரியும் அவருடைய மனைவியும் அதற்கு முன்பே சேகரித்து வைத்திருந்த செடிகள் அந்த நூலுக்குப் பெரிதும் உதவின. ஆனால் ஃபைசன் ஓர் எல்லைக்கோடு போட்டுக்கொண்டார். 6,500 அடிக்கு மேலே உள்ளவை மட்டும். அவர் காலத்து வெள்ளைக்காரர்கள் கோடையில் தங்கிய உயரம் அது.

மலை என்பது உச்சி மட்டும்தானா? வத்தலக்குண்டிலிருந்து பேருந்தில் ஏறியவர்களுக்கு விடை தெரியும். அடிவாரத்தில் முள் மரமும் புளிய மரமும். கொஞ்சம் ஏறினால் இலையுதிர் காடு. இன்னும் ஏறினால் காப்பித் தோட்டம், நடுநடுவே பசுமை மாறாக் காடு. உச்சியில் புல்வெளி. புல்வெளியின் மடிப்புகளில் ஓடையை ஒட்டிக் குட்டையான, அடர்ந்த சோலைக்காடு. மூன்று மணி நேரப் பயணத்தில் பல நாடுகளைக் கடந்தது போல் செடிகள் மாறுகின்றன. காலையில் வியர்வையைத் துடைத்தவர் மாலையில் கம்பளிக்குப் பையைத் துழாவுகிறார். மனிதருக்கே இப்படி என்றால், நகர முடியாத செடிக்கு ஒவ்வொரு நூறு மீட்டர் உயரமும் ஒரு தனி உலகம்.

அந்த முழு மலையையும் அடிவாரம் முதல் உச்சி வரை எழுதியவர் அருள்தந்தை கே.எம். மேத்யூ. இயேசு சபைத் துறவி. திருச்சி தூய வளனார் கல்லூரியில் 1967-ல் ராப்பினாட் உலர்தாவரகத்தை நிறுவியவர். அதே கல்லூரியில் முன்பு பணியாற்றிய பிரெஞ்சுத் துறவி ஒருவரின் பெயரை அதற்கு வைத்தார். முதலில் தமிழகச் சமவெளிப் பகுதியின் தாவரங்களை எழுதி முடித்தார். அந்த நூல் 1981-க்கும் 1988-க்கும் இடையே பகுதி பகுதியாக வெளிவந்தது. பிறகு பழனி மலை. செடிகளின் கோட்டோவியங்கள் 1996-ல் வந்தன. மூன்று தொகுதிகளாக மூல நூல் 1999-ல் வந்தது. ஐந்து ஆண்டுகள் கழித்து, 2004-ல் அவர் மறைந்தார்.

அவருக்குத் தளமாக இருந்த ஊர் கொடைக்கானலை அடுத்த செண்பகனூர். அங்கேதான் அவருக்கு முந்தைய தலைமுறையில் ஆங்லாட் என்ற பிரெஞ்சுத் துறவி மலைச் செடிகளை வண்ண ஓவியங்களாகத் தீட்டினார். செண்பகனூர் என்ற பெயரிலேயே செண்பகம் இருக்கிறது. செம்பவாங்கைப் போல அதுவும் மரத்தின் பெயரைச் சுமக்கும் ஊர்தான்.

ஒரு தாளின் கதை

இந்த நூல்கள் எப்படி உருவாகின்றன? பலர் நினைப்பது போல அறையில் உட்கார்ந்து எழுதப்படுவதில்லை.

செடியைத் தேடிப் போகிறவர் பூவும் காயும் சேர்ந்த ஒரு கிளையை வெட்டுகிறார். உடனே குறிப்பேட்டில் ஓர் எண் போடுகிறார். இடம், உயரம், தேதி எழுதுகிறார். பூவின் நிறத்தைக் கட்டாயம் எழுத வேண்டும், ஏனென்றால் காய்ந்தால் நிறம் போய்விடும். மரமா, கொடியா, பாலுள்ளதா, மணமுள்ளதா என்று எழுதுகிறார். வழிகாட்டியாக வந்த ஊர்க்காரர் அதை என்ன பெயரால் அழைத்தார் என்றும் எழுதுகிறார்.

பிறகு அந்தக் கிளையைப் பழைய செய்தித்தாளுக்கு நடுவே விரித்து வைத்து, பலகைகளுக்கு இடையே இறுக்கிக் கட்டுகிறார். ஈரம் உறிஞ்ச உறிஞ்சத் தாளை மாற்றிக்கொண்டே இருக்க வேண்டும். மழைக்காலத்தில் மலையில் இது எத்தனை பாடு என்று சொல்லத் தேவையில்லை. ஒருநாள் தாள் மாற்றத் தவறினால் பூஞ்சை பிடித்து, ஒரு வாரத்து நடை வீணாகும். வாசித்து முடித்த செய்தித்தாள் மடித்துக் கட்டவும் வடை பொட்டலம் போடவும் மட்டுமல்ல, ஒரு மலையின் நினைவைக் காக்கவும் பயன்படுகிறது என்பதை நாளிதழ் வாசகர்கள் பெருமையோடு நினைத்துக்கொள்ளலாம்.

காய்ந்த செடி கெட்டி அட்டையில் ஒட்டப்படுகிறது. கீழே வலது மூலையில் விவரச் சீட்டு. இப்படிப்பட்ட தாள்களை அடுக்கி வைத்திருக்கும் இடத்துக்குத்தான் உலர்தாவரகம் என்று பெயர். கோயம்புத்தூரில் இந்தியத் தாவரவியல் ஆய்வகத்தின் கிளையில் ஒன்று இருக்கிறது. புதுச்சேரி பிரெஞ்சு ஆய்வு நிறுவனத்தில் ஒன்று இருக்கிறது. சிங்கப்பூர்த் தாவரவியல் பூங்காவிலும் ஒன்று இருக்கிறது. ஆர்க்கிட் மலர்களைப் பார்க்கப் போகிறவர்களில் பலருக்கு அந்தக் கட்டடத்துக்குள் இந்த வட்டாரத்துக் காடுகளே தாள்களாக அடுக்கி வைக்கப்பட்டிருப்பது தெரியாது.

தொகுப்பதற்கு இன்னொரு வழியும் உண்டு. காட்டில் ஒரு பகுதியை அளந்து, அதற்குள் இருக்கும் ஒவ்வொரு மரத்துக்கும் எண் கட்டி, சில ஆண்டுகளுக்கு ஒருமுறை திரும்பத் திரும்ப அளப்பது. நீலகிரி மாவட்டத்து முதுமலையில் பெங்களூரின் இந்திய அறிவியல் கழகம் 1988-ஐ ஒட்டி 50 ஹெக்டேரில் இப்படி ஒரு பகுதியை அமைத்தது. புக்கிட் தீமாவில் 1993-ல் 2 ஹெக்டேரில் ஒன்று அமைந்தது. இரண்டும் ஒரே அனைத்துலக ஆய்வு வலைப்பின்னலைச் சேர்ந்தவை. ஒரு சென்டிமீட்டர் தடிமன் உள்ள கன்று வரை கணக்கில் வரும். முதுமலையின் 50 ஹெக்டேரில் ஏறத்தாழ 70 வகை மரங்கள். புக்கிட் தீமாவின் 2 ஹெக்டேரில் 300-க்கும் மேற்பட்ட வகைகள். ஒன்று மழை குறைந்த காடு, மற்றொன்று பூமத்தியரேகைக் காடு. எண்ணிப் பார்த்திராவிட்டால் இந்த வேறுபாட்டை இவ்வளவு துல்லியமாகச் சொல்லியிருக்க முடியாது.

ஒரு செடிக்குப் பல பெயர், ஒரு பெயருக்குப் பல செடி

பழைய தாள்களையும் நூல்களையும் கணினியில் ஏற்றிவிட்டால் வேலை முடிந்ததா? அங்கேதான் உண்மையான தலைவலி தொடங்குகிறது.

நீலக்குறிஞ்சியை எடுத்துக்கொள்வோம். அறிவியலில் இன்று அதன் பெயர் ஸ்ட்ரோபிலாந்தஸ் குந்தியானா. பழைய நூல்களில் அதே செடி ஃபிளெபோஃபில்லம் குந்தியானம் என்று இருக்கும். இரண்டு பெயரையும் அப்படியே கணினியில் ஏற்றினால் மலையில் ஒரு செடி கூடிவிட்டதாகக் கணக்கு வரும். இப்படி நூற்றுக்கணக்கான பெயர்கள். எந்தப் பெயர் எந்தச் செடிக்கு என்று அறிய, முதன்முதலில் அந்தப் பெயர் சூட்டப்பட்ட மூலத் தாளை எடுத்துப் பார்க்க வேண்டும். தென்னிந்திய மலைச் செடிகளின் மூலத் தாள்களில் பல ஐரோப்பாவில் இருக்கின்றன. முன்பு அவற்றைப் பார்க்கக் கப்பலேறவோ விமானம் ஏறவோ வேண்டியிருந்தது. இப்போது அவற்றின் படங்கள் இணையத்தில் கிடைக்கின்றன. திருச்சியில் இருக்கும் ஒரு மாணவி கியூவில் இருக்கும் தாளைத் திரையில் பெரிதாக்கிப் பார்க்கலாம்.

தமிழ்ப் பெயர்களில் தொல்லை வேறு விதமானது. செண்பகம் என்றால் சமவெளியில் ஒரு மரம். மலைச் சோலையில் அதே பெயரால் அழைக்கப்படுவது வேறொரு மரம், காட்டுச் செண்பகம். மல்லி என்றால் சமையலறையில் ஒன்று, பூக்கடையில் ஒன்று. தேக்கா சந்தையில் "மல்லி கொடுங்க" என்று கேட்டால் எந்தக் கடையில் நின்று கேட்கிறீர்கள் என்பதைப் பொறுத்துத்தான் பொருள் கிடைக்கும். பதிவேட்டுக்கு அந்த வசதி இல்லை. அது ஒரே சொல்லால் ஒரே செடியைச் சொல்ல வேண்டும்.

இடத்தின் பெயரும் அப்படித்தான். 19-ஆம் நூற்றாண்டுச் சீட்டில் "பழனி மலை" என்று மட்டும் இருக்கும். 2,000 சதுர கிலோமீட்டரில் எந்த ஓடைக்கரை என்று அதை வைத்து யாரும் கண்டுபிடிக்க முடியாது. அன்று இன்னும் ஒரு வரி எழுதியிருந்தால் இன்று அந்த இடத்துக்கே போய், அந்தச் செடி இன்னும் இருக்கிறதா என்று பார்த்திருக்கலாம்.

எழுதாதவனுக்கு இழப்பும் தெரியாது

இவ்வளவு பாடு எதற்கு என்று கேட்பவர்கள் உண்டு. செடியை எண்ணிக்கொண்டிருந்தால் சோறு கிடைக்குமா என்று கேட்பவர்களும் உண்டு. நியாயமான கேள்விதான். அதற்கு விடை சிங்கப்பூரிலேயே இருக்கிறது.

சிங்கப்பூரின் சொந்தத் தாவரங்களைப் பற்றிய ஓர் ஆய்வு 1994-ல் வெளியானது. பதிவாகியிருந்த 2,277 வகைகளில் 594 வகைகள் இந்தத் தீவிலிருந்து மறைந்துவிட்டன என்று அது கணக்கிட்டது. நான்கில் ஒரு பங்குக்கும் மேல். இந்த எண் எப்படிக் கிடைத்தது? தாவரவியல் பூங்காவின் முதல் இயக்குநராக 1888 முதல் இருந்த ரிட்லியும், அவருக்கு முன்னும் பின்னும் வந்தவர்களும் சேகரித்த தாள்கள் இருந்தன. அந்தத் தாளில் உள்ள செடியைக் காட்டில் தேடினார்கள், காணவில்லை. தாள் இல்லாமல் இருந்திருந்தால்? ஒன்றுமே மறையவில்லை என்று நாம் நிம்மதியாக இருந்திருப்போம். இழந்தது தெரியாமல் இருப்பதைவிடப் பெரிய இழப்பு உண்டா?

அதே தாள்கள் நல்ல செய்தியும் தருகின்றன. மறைந்துவிட்டதாகக் கருதப்பட்ட சில செடிகள் பின்னர் நீர்த்தேக்கக் காடுகளில் மீண்டும் கண்டெடுக்கப்பட்டன. கண்ணில் பட்டது அந்தச் செடிதான் என்று உறுதி சொன்னது பழைய தாள்தான். சிங்கப்பூரின் முழுத் தாவரங்களையும் மறுபடி எழுதும் நூல்வரிசை 2019 முதல் தொகுதி தொகுதியாக வெளிவருகிறது.

இப்போது பழனி மலைக்குத் திரும்புவோம். கொடைக்கானலில் இறங்கியதும் கண்ணில் படுபவை எவை? வானுயர்ந்த யூகலிப்டஸ், வரிசையாக நிற்கும் பைன், மஞ்சள் பூக்கும் வாட்டில். திரைப்படப் பாடல் காட்சிகளில் பார்த்துப் பழகி, அதுதான் கொடைக்கானல் என்று மனத்தில் பதிந்துவிட்டது. ஆனால் இந்த மூன்றும் வெளிநாட்டிலிருந்து வந்து நடப்பட்டவை. கொடைக்கானலுக்கு வெளியிலிருந்து வந்த செடிகளை மட்டுமே பற்றி மேத்யூ 1969-லேயே ஒரு தனி நூல் எழுதினார். வந்தவை எவை, இருந்தவை எவை என்று பிரித்துச் சொல்லும் நூல் அது.

இருந்தவற்றுக்கு என்ன ஆயிற்று? பழனி மலையின் செயற்கைக்கோள் படங்களை ஒப்பிட்ட ஓர் ஆய்வு 2018-ல் வெளியானது. 40 ஆண்டுகளில் உச்சிப் புல்வெளியில் மூன்றில் இரண்டு பங்கு, மரத் தோட்டங்களாகவும் விளைநிலமாகவும் மாறிவிட்டது என்று அது காட்டியது. மரம் நடுவது நல்லது என்று பள்ளியில் படித்தவர்களுக்கு இது அதிர்ச்சியாக இருக்கும். புல்வெளியைத் தரிசு என்று எண்ணி மரம் நட்டதால் வந்த வினை இது. புல்லோடு சேர்ந்து வாழும் சிறு பூச்செடிகளும் தரை ஆர்க்கிட்களும் மரநிழலில் பிழைக்காது.

செயற்கைக்கோளுக்குப் புல்வெளி போய்விட்டது தெரியும். அந்தப் புல்வெளியோடு எந்தெந்தச் செடிகள் போயின என்று தெரியாது. அதைச் சொல்லக்கூடியவை வைட்டும் ஃபைசனும் மேத்யூவும் விட்டுச்சென்ற தாள்களும் நூல்களும்தான். நாளை ஒரு சரிவில் அந்நிய மரங்களை வெட்டி எடுத்துவிட்டுப் பழைய புல்வெளியை மீட்க நினைப்பவர், எந்தப் புல்லை நடுவது என்று கேட்டால் விடை சொல்லப்போவதும் அவையே.

சோற்றுக் கேள்விக்கும் இங்கேயே விடை இருக்கிறது. மஞ்சளாறும் மருதாநதியும் வராகநதியும் பழனி மலையில் பிறந்து வைகைப் பாசனத்தோடு சேர்பவை. வைகை போகும் வழி மதுரை, சிவகங்கை, ராமநாதபுரம். சிங்கப்பூரில் இருக்கும் எத்தனை குடும்பங்களுக்கு அந்த மாவட்டங்கள் பூர்வீகம்! மழையைப் பிடித்து வைத்து மெல்ல மெல்ல விடுவது சோலையும் புல்வெளியும் சேர்ந்த அந்த உச்சிதான். பாட்டனார் ஊர்க் கண்மாயில் தண்ணீர் நிற்பதற்கும் மலையுச்சியில் எந்தச் செடி நிற்கிறது என்பதற்கும் தொடர்பு உண்டு.

பெயர் சொன்னவருக்கு என்ன கிடைக்கும்?

இதில் இன்னொரு பக்கத்தையும் பேசியாக வேண்டும். தாளில் சேகரித்தவரின் பெயர் இருக்கும். வழிகாட்டிச் சென்று, "இது இன்ன செடி, இன்னதுக்கு ஆகும்" என்று சொன்ன மலைவாழ் மனிதரின் பெயர் பெரும்பாலும் இருக்காது. பழனி மலையின் பளியர்கள் காட்டைக் காலால் அறிந்தவர்கள். அவர்களைப் போன்றவர்களின் அறிவு இல்லாமல் எந்த மலையின் தொகுப்பும் முழுமையடையாது.

அகத்தியர் மலையில் 1987-ல் நடந்த நிகழ்ச்சி இதற்குப் பாடம். ஆய்வுக்குப் போன அறிவியலாளர்கள் ஏற முடியாமல் களைத்தபோது, வழிகாட்டிகளாக வந்த காணிப் பழங்குடியினர் ஏதோ ஒரு சிறு காயைத் தின்றுவிட்டுச் சுறுசுறுப்பாக நடந்தார்கள். அந்தச் செடிதான் ஆரோக்கியப்பச்சை. அதிலிருந்து பாலோட்டில் உள்ள தாவரவியல் ஆய்வு நிறுவனம் "ஜீவனி" என்ற மருந்தை உருவாக்கியது. கோயம்புத்தூர் மருந்து நிறுவனம் ஒன்றுக்கு உரிமம் கொடுக்கப்பட்டது. 10 லட்சம் ரூபாய் கட்டணம், விற்பனையில் 2 விழுக்காடு உரிமத்தொகை. அதில் பாதி காணி மக்களுக்கு என்று முடிவாகி, 1997-ல் அவர்களுக்காக ஓர் அறக்கட்டளை அமைந்தது. குறைகள் இருந்திருக்கலாம். ஆனாலும் சொன்னவருக்கும் பங்கு உண்டு என்று உலகம் பேசத் தொடங்கியதற்கு அது ஒரு முன்னோடி.

இந்தியாவின் பல்லுயிர்ச் சட்டம் 2002-ல் வந்தது. அந்தச் சட்டத்தின்கீழ் ஊர்தோறும் மக்கள் பல்லுயிர்ப் பதிவேடு எழுதப்பட வேண்டும். ஊர் மக்களே தங்கள் செடிகளையும் அவற்றைப் பற்றிய அறிவையும் எழுதி வைக்கும் ஏடு. எழுதியவர் பெயரோடு சொன்னவர் பெயரும் அதில் இருக்கும்போதுதான் அது நேர்மையான பதிவு.

எல்லாவற்றையும் எல்லோருக்கும் திறந்து வைக்கவும் கூடாது. அரிய ஆர்க்கிட் ஒன்று இருக்கும் இடத்தைத் துல்லியமாக வெளியிட்டால் முதலில் போய் நிற்பவர் ஆய்வாளராக இருக்க மாட்டார், வேரோடு பிடுங்கி விற்பவராக இருப்பார். அதனால்தான் அழியும் நிலையில் உள்ள செடிகளின் இடத்தைப் பொதுமக்கள் பார்க்கும் வரைபடத்தில் மங்கலாக்கிக் காட்டுகிறார்கள். தெரிந்ததைச் சொல்வது அறிவு. எதை, யாரிடம், எவ்வளவு சொல்வது என்பது பொறுப்பு.

செம்பவாங்கிலிருந்து என்ன செய்யலாம்?

"இதெல்லாம் அறிவியலாளர் வேலை, செம்பவாங்கில் உட்கார்ந்திருப்பவர்களுக்கு இதில் என்ன பங்கு?" என்று கேட்கலாம். பங்கு இருக்கிறது. செலவு இல்லாத பங்கு.

ஜூன் விடுமுறையிலும் டிசம்பர் விடுமுறையிலும் கொடைக்கானல், ஊட்டி, மூணாறு என்று போகிறவர்கள் ஆயிரக்கணக்கில் படம் எடுக்கிறார்கள். பூவின் முன் நின்று எடுத்த படத்தில் பூ பாதி, முகம் பாதி. இனி ஒரு பூவைப் பார்த்தால் நான்கு படங்கள் எடுங்கள். பூவை ஒன்று, இலையைப் பின்பக்கத்தோடு ஒன்று, காய் இருந்தால் அதை ஒன்று, முழுச் செடியையும் நிற்கும் இடத்தோடு ஒன்று. தேதியும் இடமும் கைப்பேசியே குறித்துக்கொள்ளும். இந்தியாவின் பல்லுயிர் இணையவாசல் 2008 முதல் இத்தகைய பதிவுகளைப் பெற்று வருகிறது. உலக அளவில் ஐநேச்சுரலிஸ்ட் இருக்கிறது. அங்கே அந்தப் படத்தைப் போட்டால், செடியை அறிந்தவர்கள் பார்த்துப் பெயர் சொல்வார்கள். நண்பர்களுக்கு அனுப்பிய படம் ஒரு வாரத்தில் மறக்கப்படும். அங்கே போட்ட படம் ஒரு மலையின் கணக்கில் சேரும்.

பறிக்க வேண்டாம். பிடுங்கிப் பைக்குள் வைத்துக்கொண்டு வரவே வேண்டாம். இங்கும் அங்கும் அது குற்றம். தாள் தயாரிக்க அனுமதி பெற்றவர்கள் இருக்கிறார்கள். உங்கள் வேலை பார்ப்பதும் குறிப்பதும்.

உள்ளூர்க்காரர் ஒருவர் பெயர் சொன்னால், அவர் சொன்ன ஒலியிலேயே தமிழில் எழுதிக்கொள்ளுங்கள். எந்த ஊரில் அப்படிச் சொன்னார்கள் என்றும் எழுதுங்கள். சென்னைப் பல்கலைக்கழகத்தின் தமிழ்ப் பேரகராதி பல செடிப் பெயர்களுக்கு அறிவியல் பெயரையும் சேர்த்துத் தருகிறது. அதில் ஏறாத பெயர்கள் ஊர்தோறும் இன்னும் இருக்கின்றன. சொல்லத் தெரிந்தவர்கள் ஒவ்வொருவராகப் போய்க்கொண்டிருக்கிறார்கள்.

அப்படிச் சொல்லத் தெரிந்தவர்கள் மலையில் மட்டுமா இருக்கிறார்கள்? இந்த வட்டாரத்தின் அடுக்குமாடி வீடுகளிலும் இருக்கிறார்கள். கிராமத்தில் பிறந்து வளர்ந்து, கடற்படைத் தளத்திலும் கப்பல் பட்டறையிலும் வேலை பார்த்து ஓய்வு பெற்ற தாத்தாக்கள். மழை பெய்த மறுநாள் எந்தக் கீரை முளைக்கும், எந்த இலையை எதற்கு அரைப்பார்கள் என்று அறிந்த பாட்டிகள். பேரப்பிள்ளைகள் ஒரு மாலை நேரம் அவர்களோடு செம்பவாங் பூங்காவுக்கு நடந்து போகட்டும். செம்பவாங் மரத்தையும் பார்க்கட்டும். பாட்டி சொல்லும் பெயரைப் பேத்தி எழுதட்டும். தமிழ் வகுப்பு ஒப்படைப்புக்கு இதைவிட நல்ல பொருள் கிடைக்காது.

கடைசியாக ஒரு தேதி. பழனி மலையில் நீலக்குறிஞ்சி 2006-ல் பூத்தது, 2018-ல் பூத்தது. 12 ஆண்டுக் கணக்குப்படி 2030-ல் மறுபடி பூக்க வேண்டும். அந்த ஆண்டு நம்மில் பலர் விமானச் சீட்டு எடுப்போம். அப்போது மலையில் ஒரு கேள்வி காத்திருக்கும். 2018-ல் பூத்த சரிவுகளில் எத்தனை சரிவுகளில் இப்போதும் பூத்திருக்கிறது? எத்தனை இடத்தில் பூக்கவில்லை? 2018-ல் எடுத்த படத்தை இடத்தோடும் தேதியோடும் சேமித்து வைத்தவர் அந்தக் கேள்விக்கு விடை சொல்ல முடியும். அப்படிப்பட்ட படம் உங்கள் பழைய கைப்பேசியில் இருக்கிறதா என்று இன்றிரவே தேடிப் பாருங்கள். இருந்தால் பதிவு செய்துவிடுங்கள். இல்லையென்றால் 2030-க்குக் குறிப்பேட்டோடு போங்கள்.

செம்பவாங்கில் மரத்தின் பெயரும் மிஞ்சியது, அதைச் சொல்லும் பதிவும் மிஞ்சியது. மலையில் பூக்கும் ஒவ்வொன்றுக்கும் அந்தக் கொடுப்பினை கிடைக்கட்டும்.